பக்கத்து வீட்டுக்காரருக்கு 7, எனக்கு ஏன் 12?

கேள்வி: எனக்கு 54 வயது. குறட்டைக்காகத் தூக்கப் பரிசோதனை செய்ததில், மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுவதாகச் சொன்னார்கள். இன்னொரு இரவு, தொண்டை அடைபடாமலிருக்க மாஸ்க் வழியே காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியை மாட்டிப் பார்த்து, அழுத்தம் 12 என்று எழுதிக் கொடுத்தார்கள். 12-இல் வைத்தால் மூச்சை வெளியே விடவே திணறுகிறது. காலையில் வயிறு உப்பி ஏப்பமாக வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் 7-இல் வைத்து நன்றாகத் தூங்குகிறாராம். நானும் 7-க்குக் குறைத்துவிட்டேன். நிம்மதியாக இருக்கிறது. ஆனால், குறட்டை திரும்பிவிட்டது என்கிறார் மனைவி. 12 வைத்திருந்தபோது கருவித் திரையில் ஏ.ஹெச்.ஐ. 3 என்று இருந்தது. இப்போது 14 காட்டுகிறது. 7-லேயே இருந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஏ.ஹெச்.ஐ. என்பது மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு. அது 5-க்குக் கீழே வர வேண்டும் என்பதுதான் நம் இலக்கு. 38 என்பது 14 ஆனது நல்லதுதான், ஆனால் பாதி வைத்தியம்தான் நடக்கிறது. மனைவி கேட்கும் குறட்டையும் அதைத்தான் சொல்கிறது: தொண்டை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் அளவை விட்டுவிடுங்கள். கண்ணாடியின் பவரை யாரும் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குவதில்லை. 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் முதன்முதலாக 5 பேருக்கு மூக்கு வழியே இந்தக் காற்றழுத்தத்தைக் கொடுத்தபோதே, தேவைப்பட்ட அளவு 4.5 முதல் 10 வரை இருந்தது. கழுத்துப் பருமன், தாடை அமைப்பு, நாக்கின் அளவு, மூக்கடைப்பு என்று பல விஷயங்கள் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. நோய் கடுமையாக இருப்பவருக்குக் குறைந்த அழுத்தம் போதுவதும் உண்டு.

உங்கள் 12 எப்படி வந்தது என்று தெரிந்தால் பயம் குறையும். பரிசோதனைக் கூடத்தில் பொதுவாக 4-இல் ஆரம்பிப்பார்கள். அந்த அளவில் குறைந்தது 5 நிமிடம் பார்ப்பார்கள். இரண்டு முறை மூச்சு அடைபட்டாலோ, மூன்று நிமிடம் பலமாகக் குறட்டை விட்டாலோ ஒரு படி ஏற்றுவார்கள். இப்படியே போய், நீங்கள் மல்லாந்து படுத்து, கனவு வரும் ரெம் தூக்கத்தில் இருக்கும்போதும் மூச்சு தடைபடாத அளவு எதுவோ, அதைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். ரெம் தூக்கத்தில் தொண்டைத் தசைகள் ரொம்பவே தளர்ந்துபோகும். அந்தத் தூக்கம் விடியற்காலையை ஒட்டித்தான் அதிகம் வரும்.

அதாவது 12 என்பது உங்கள் இரவின் மிக மோசமான நேரத்துக்கான அளவு. நீங்களோ இரவு பத்து மணிக்கு, விழித்துக்கொண்டிருக்கும்போதே அதை முழுதாக வாங்குகிறீர்கள். திணறாமல் என்ன செய்யும்? இதற்குத்தான் கருவியில் ‘ராம்ப்’ என்ற வசதி இருக்கிறது. 4 அல்லது 5-இல் தொடங்கி, நீங்கள் தூங்கிப்போகும் நேரத்துக்குள் மெதுவாக 12-க்கு ஏறும். மூச்சை வெளியே விடும்போது மட்டும் அழுத்தத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளும் வசதியும் பல கருவிகளில் உண்டு. வாங்கும்போது இதையெல்லாம் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். கருவியைக் கையில் கொடுத்து, எண்ணை மட்டும் வைத்து அனுப்பிவிடும் வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பலர் ஒரே வாரத்தில் கருவியை அலமாரியில் ஏற்றிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், மாஸ்க். பரிசோதனையில் எந்த மாஸ்க் போட்டார்கள், வீட்டில் எதைப் போடுகிறீர்கள்? மூக்கு மாஸ்க் வைத்து அளந்துவிட்டு, வாயையும் மூடும் பெரிய மாஸ்க்கை வீட்டுக்குக் கொடுத்திருந்தால் கணக்கே மாறும். பெரிய மாஸ்க் நாக்கையும் தாடையையும் பின்னுக்குத் தள்ளக்கூடும். அதனால் பலருக்கு அழுத்தம் கூடுதலாகத் தேவைப்படும். மூக்கடைப்பு இருந்தால் அதற்கு வைத்தியம் செய்துகொண்டு மூக்கு மாஸ்க்குக்கு மாற முடிந்தால், அழுத்தத்தைக் குறைக்க வழி பிறக்கலாம். திரையில் ஏ.ஹெச்.ஐ.யை மட்டும் பார்க்காதீர்கள், ‘லீக்’ எவ்வளவு என்பதையும் பாருங்கள். காற்று ஓரமாகக் கசிந்தால் அந்த ஏ.ஹெச்.ஐ. எண்ணையே நம்ப முடியாது.

வயிறு உப்புவது, காற்றை விழுங்குவதால். ஆபத்தில்லை, ஆனால் தொந்தரவுதான். ராத்திரிச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடியுங்கள். தலைமாட்டைச் சற்று உயர்த்தி, ஒருக்களித்துப் படுங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கான சிகிச்சையும் உதவும். ஒருக்களித்துப் படுத்தால் நிறையப் பேருக்குக் குறைந்த அழுத்தமே போதும்.

இவ்வளவும் செய்தும் 12 ஒத்துவரவில்லை என்றால், தேவைக்கேற்பத் தானே ஏற்றி இறக்கும் ‘ஆட்டோ’ முறையைக் கேளுங்கள். 8 முதல் 13 வரை என்பதுபோல ஒரு வரம்பு வைத்துச் சில வாரங்கள் ஓட்டிவிட்டு, பதிவைப் பார்த்து முடிவெடுக்கலாம். இதய பலவீனமோ, நாள்பட்ட நுரையீரல் நோயோ இருப்பவர்களுக்கு இது பொதுவாகச் சரிவராது. அவர்களுக்குக் கூடத்தில் இரவு முழுக்கப் பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டும். உள்ளே இழுக்கும்போது ஓர் அழுத்தம், விடும்போது இன்னொன்று என்று தரும் பைபாப் கருவியும் இருக்கிறது. 12-க்கே அது வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

‘7 போதவில்லை, 12 திணறுகிறது, 16 வைத்துப் பார்ப்போம்’ என்றும் போய்விடாதீர்கள். அழுத்தம் அளவுக்கு மீறினால், சிலருக்குத் தொண்டை திறந்திருந்தும் மூளையே மூச்சுக்கான உத்தரவை நிறுத்திவைக்கும். அது வேறு வகைப் பிரச்சினை.

இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். கருவி, அதன் மெமரி கார்டு, மாஸ்க், இரண்டு இரவு ரிப்போர்ட்டும் கையோடு கொண்டுபோங்கள். மல்லாந்த நிலை ரெம் தூக்கம் அந்த இரவில் பதிவானதா என்று கேளுங்கள். பதிவாகவில்லை என்றால் 12 என்ற எண்ணையே மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். மனைவியையும் அழைத்துப்போங்கள், குறட்டையைக் கேட்டவர் அவர்தான். பகலில் கண் சொருகுகிறது என்றால், அளவு சரியாகும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.