தினமும் சாம்பார் சாப்பிட்டால் புரதம் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது, எடை 50 கிலோ. பிறந்ததிலிருந்து சைவம். ஆறு மாதமாகத் தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. ‘புரதம் பத்தவில்லை, முட்டையாவது கொடு’ என்கிறார்கள் உறவினர்கள். அம்மா முட்டையைத் தொடமாட்டார். தினமும் சாம்பார் சாப்பிடுகிறாரே, அது போதாதா டாக்டர்?

பதில்: முட்டைக்காக அம்மாவை வற்புறுத்தாதீர்கள். சைவத்திலேயே தேவையான புரதம் கிடைத்துவிடும். ஆனால் அந்தச் சாம்பாரில் எவ்வளவு பருப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு 100 கிராம் துவரம்பருப்பு வேகவைப்பீர்களா? அதில் புரதம் சுமார் 22 கிராம். ஆளுக்கு ஐந்தரை கிராம்தான் வரும். அதுவும் சமமாகப் பிரிந்தால்! பருப்பு அடியில் தங்கிவிடும், மேலாக மோந்தால் வருவது புளித்தண்ணீர். பல அம்மாக்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் ரசம் சாதத்தோடு எழுந்துவிடுகிறார்கள். உங்கள் அம்மாவின் தட்டை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

பெரியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-இல் தந்த அளவு. அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தசை கரைவதால் நான் 1 கிராமாவது சொல்வேன். அம்மாவுக்கு அது 50 கிராம். அரிசியில் 15, சாம்பாரில் 5, காபியும் மோருமாக 6 என்று வைத்தாலும் பாதிதான் தேறுகிறது.

மீதியை இப்படி நிரப்பலாம். மாலையில் ஒரு கைப்பிடி, அதாவது 40 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 8 கிராம். வேர்க்கடலை 30 கிராமில் 7. கூடுதலாக 300 மில்லி பாலோ தயிரோ சேர்த்தால் 9. மதியம் சாம்பாருக்கு முன்னால் கெட்டிப் பருப்பும் நெய்யும் ஒரு கரண்டி போடுங்கள். விலை உயர்ந்த புரத மாவு தேவையில்லை.

முட்டை, மீன், கோழி, பாலில் இருப்பது முழுமையான புரதம், எளிதில் செரிக்கும். முட்டை ஒன்றில் 6 கிராம். தாவரப் புரதத்தில் சின்னக் குறை உண்டு: புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். இட்லியும் பொங்கலும் அப்படித்தான். அசைவம் சாப்பிடும் வாசகர்களுக்கும் ஒன்று: ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பு வாரம் முழுக்கத் தாங்காது. கொழுப்பைச் சேமிப்பது போலப் புரதத்தை உடம்பு சேமித்து வைக்காது.

அப்புறம், கையை ஊன்றி எழுவதற்குப் புரதக் குறைவு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. வைட்டமின் டி குறைவு, தைராய்டு, மூட்டுத் தேய்மானம் எல்லாம் இதே தொல்லையைத் தரும். வைட்டமின் பி12 செடிகொடிகளில் இல்லை. பால் குறைவாகக் குடிக்கும் சைவர்களுக்கு அதையும் பார்க்க வேண்டும். சர்க்கரைப் பரிசோதனையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் நான் மேலே சொன்ன அளவு பொருந்தாது. உங்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், சுவரோரம் கனமான நாற்காலி ஒன்றைப் போட்டு, காலையும் மாலையும் பத்துத் தடவை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். முதல் வாரம் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.