ஹெப்டேன் கலவையில் மறுநாள் படியும் கறுப்பு

கச்சா எண்ணெயில் பாதிக்குப் பாதி ஹெப்டேன் (பெட்ரோல் போன்ற லேசான கரைப்பான்) கலந்ததும் மைக்ரோஸ்கோப்பில் சுத்தமாக இருந்தது, மறுநாள் காலையில் பாட்டில் அடியில் கறுப்பாகப் படிந்திருந்தது, எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கலவையில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. பார்த்த நேரம்தான் சீக்கிரம்.

அந்தக் கறுப்பு பெரும்பாலும் அஸ்பால்டீன், அதாவது கச்சா எண்ணெயில் உள்ள, ஹெப்டேனில் கரையாத கனமான பகுதி. அது முதலில் நானோமீட்டர் அளவில்தான் பிரியும். அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய அரை மைக்ரானைத் தாண்டினால்தான் லென்ஸில் தெரியும். ஹெப்டேன் நிறைய இருந்தால் சில நிமிடங்களில் இது நடந்துவிடும். குறையக் குறைய மணிக்கணக்கு, நாட்கணக்கு, சில எண்ணெய்களில் வாரக்கணக்குகூட ஆகும். ஆகவே படிவு தொடங்கும் ஹெப்டேன் சதவீதத்தைக் குறிக்கும்போது எத்தனை மணி நேரம் கழித்துப் பார்த்தீர்கள் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். நேரம் இல்லாத அந்த எண்ணை நான் நம்பவே மாட்டேன்.

அதற்கு முன் அந்தக் கறுப்புப் படிவு மெழுகு இல்லை என்று உறுதி செய்யுங்கள். 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் மெழுகு பெரும்பாலும் கரைந்துவிடும். குறுக்காக வைத்த இரண்டு போலரைசர்களுக்கு (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகள்) நடுவே மெழுகுப் படிகங்கள் பளிச்சென்று மின்னும், அஸ்பால்டீன் இருட்டாகவே கிடக்கும். வடிகட்டி, சூடான ஹெப்டேனில் கழுவிய பிறகு மிஞ்சுவது டொலுயீன் என்ற கரைப்பானில் கரைந்தால் அது அஸ்பால்டீன்தான், சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று, ஹெப்டேனை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். விழும் இடத்தில் மட்டும் ஹெப்டேன் செறிவு எகிறி, கறுப்பு நூல்போல இழைகள் திரளும். அவை திரும்பக் கரைய வெகுநேரம் பிடிக்கும். கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். 1, 6, 24 மணி நேரத்தில் எடுத்த படங்களை இங்கே போட்டால் சேர்ந்தே பார்க்கலாம்.