ராத்திரி நின்றுபோகும் ரெடிஸ்

கேள்வி: 8 ஜிபி ராம் உள்ள லினக்ஸ் சர்வரில் ரெடிஸ் (தரவை ராமிலேயே வைத்திருக்கும் டேட்டாபேஸ்) ஓடுகிறது. தரவு 5 ஜிபிதான். ஆனாலும் சில இரவுகளில் தானாக நின்றுவிடுகிறது. ஏன் சார்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அந்த நேரத்தில் பேக்கப் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவன். இரண்டு நாள் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பேக்கப்புக்காகத் தரவை வட்டில் சேமிக்கும்போது, ரெடிஸ் தன்னைப் போலவே ஒரு பிள்ளைப் புராசஸை (ஓடும் புரோகிராமை) பெற்றெடுக்கும். தாயும் பிள்ளையும் முதலில் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். சேமிப்பு முடிவதற்குள் புதிதாக எழுதினால், மாறும் ஒவ்வொரு பக்கத்துக்கும் (நினைவகத்தின் சிறு துண்டுக்கும்) தனிப் பிரதி வேண்டும். எழுத்து மிகுந்தால் 5 ஜிபி, 10 வரைகூட ஏறலாம். ராம் தீர்ந்ததும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், நினைவகத்தை அதிகம் தின்னும் பெருந்தீனிக்காரனைத் தேடிப் போட்டுத்தள்ளும். கெர்னல் லாகில் (பதிவேட்டில்) சாட்சி கிடக்கும்.

64 பிட் ரெடிஸில் மேக்ஸ்மெமரி (தரவுக்கான நினைவக உச்சவரம்பு அமைப்பு) இயல்பாக 0, அதாவது வரம்பே கிடையாது. 32 பிட்டில் 3 ஜிபி.

வெறும் கேஷ் (தொலைந்தாலும் திரும்ப எடுக்கக்கூடிய தற்காலிகப் பிரதி) என்றால் மேக்ஸ்மெமரியை 4 ஜிபி ஆக்கி, நெடுநேரம் தொடாததைக் கழிக்கும் எல்ஆர்யூ முறையையும் போடுங்கள். முறையைப் போடாவிட்டால், வரம்பு நிறைந்ததும் புது எழுத்தை ரெடிஸ் மறுத்துவிடும். இழக்கக்கூடாத தரவா? 16 ஜிபி ராமுக்கு முதலாளியிடம் இன்றே பேசுங்கள்.