சீப்புச் சீடை மிஷினும் 1,600 ரூபாயும்

கேள்வி: ஐயா, வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். சீப்புச் சீடை மாவை ஒவ்வொன்றாக விரலில் சுற்றி ஒட்ட நாலு பேருக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது. மாவு விண்டு போகாமல் சுற்றி ஒட்டும் கைமிஷின் ஒன்றை யோசித்து, தம்பியின் லேத் பட்டறையில் செய்துவிட்டேன். வெளியூர் பாத்திர வியாபாரி ஒருவர், "வீடியோ அனுப்புங்க, ஆர்டர் பிடிச்சுத் தர்றேன்" என்கிறார். காப்புரிமை வாங்க வக்கீல் ஃபீஸ் மட்டும் நாற்பதாயிரமாம். விவரத்தை எழுதி, சீல் வைத்து, எனக்கே தபாலில் அனுப்பிக்கொண்டால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சரியா?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: அம்மா, அந்த வீடியோவை அனுப்பிவிட்டீர்களா? இல்லையென்றால் அப்படியே நிறுத்திவையுங்கள். விண்ணப்பம் போடும் முன்பே வெளியே தெரிந்துவிட்டால் 'இது புதிது' என்று சொல்ல வழியில்லை. நீங்களே யூடியூபில் போட்டாலும் அதே கதைதான். மிஷினில் சுற்றிய சீடையை விற்கத் தொடங்குவதைக்கூட விண்ணப்பத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தபால் யோசனையைப் பலரும் நம்புகிறார்கள். அந்தக் கவர் பீரோவில் தூங்குமே தவிர, யாரையும் தடுக்காது.

வக்கீல் கட்டாயமில்லை. கண்டுபிடித்தவரே விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கு ஆன்லைனில் கட்டணம் 1,600 ரூபாய். சென்னை கிண்டி அலுவலகத்தில் தாளாகக் கொடுத்தால் 1,750. இதை 'புரொவிஷனல்', அதாவது தற்காலிக, விண்ணப்பமாகப் போட்டால் அன்றைய தேதி உங்களுடையதாகிவிடும். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் விண்ணப்பம் கைவிட்டதாகிவிடும்.

புரொவிஷனல்தானே என்று அரைப் பக்கம் கிறுக்கி அனுப்பிவிடாதீர்கள். அதில் எழுதியதற்கு மட்டும்தான் அந்தத் தேதி. 'சீடை சுற்றும் மிஷின்' என்றால் ஒன்றுமே சொன்னதாகாது. அச்சிலிருந்து வரும் பட்டை எங்கே வெட்டுப்படுகிறது, எதன்மேல் சுற்றுகிறது, இரண்டு முனையும் எந்த அழுத்தத்தில் ஒட்டுகிறது, கோடு நசுங்காமல் எப்படிக் கழன்று விழுகிறது, எல்லாம் வர வேண்டும். மரக்குச்சிக்குப் பதில் எவர்சில்வர் குச்சியும் போடலாம் என்றால் அதையும் எழுதுங்கள். முனை ஒட்டும் இடத்தை மட்டும் பெரிதாக்கித் தனிப்படம் போடுங்கள். உங்கள் சரக்கே அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. மாவுப் பக்குவமும் தேங்காய்ப்பால் அளவும் வீட்டு ரகசியமாகவே இருக்கட்டும்.

எழுத்து ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பதுதான் நம் ஊரில் பெரிய சங்கடம். காரைக்குடி பக்கத்தில்தானே இருக்கிறது. அழகப்பா செட்டியார் நிலம் கொடுத்துக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையமான சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் யாராவது உறவிலோ தெருவிலோ இருந்தால், காப்புரிமைத் தாள் அவருக்குப் புதிதாக இருக்காது. படம் வரைய இன்ஜினியரிங் கல்லூரிப் பிள்ளைகள் போதும். ஆனால் யாரிடம் காட்டினாலும் முதலில் ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்குங்கள், சொந்தக்காரராக இருந்தாலும். பெரிய படிப்பில்லாத கண்டுபிடிப்பாளர்களுக்குக் காப்புரிமை எடுக்க உதவும் நேஷனல் இன்னோவேஷன் ஃபவுண்டேஷன் குஜராத்தில் இருக்கிறது. அங்கேயும் எழுதிப் பாருங்கள்.

பெயர் விஷயம் ஒன்று. 'கணவர் பெயரிலேயே போட்டுவிடலாம்' என்று வீட்டில் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள், யோசித்தது நீங்கள். தம்பி சொன்னபடி கடைந்து கொடுத்தார் என்றால் கூலி போதும். ஒட்டும் முறையில் அவர் யோசனையும் இருந்தால் அவர் பெயரும் சேர வேண்டும். விண்ணப்பதாரர் பெண் என்றால் விரைவுப் பரிசீலனை கேட்கலாம், அதற்கு 8,000 ரூபாய். சாதாரணப் பரிசீலனைக்கு 4,000.

அந்த 12 மாதத்தில் பத்து மிஷின் விற்றுப் பாருங்கள். காசு வந்தால் பேட்டன்ட் ஏஜென்ட் ஒருவரிடம், எதற்கெல்லாம் உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் 'கிளெய்ம்' பகுதியை மட்டும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். செலவு செய்ய வேண்டிய இடம் அதுதான். விற்கவில்லை என்றால் 1,600 ரூபாயோடு போகட்டும். காப்புரிமை வந்தாலும், காப்பியடிப்பவரை நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டியது நீங்கள்தான். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாபாரி மறுபடி போன் செய்தால், விண்ணப்ப எண் கைக்கு வந்ததும் வீடியோ அனுப்புவதாகச் சொல்லுங்கள்.