அட்டாமிக் செயல்களில் நினைவக வரிசை: கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் நிரல் எழுதும் நம் பிள்ளைகள் இந்த மாதம் அனுப்பிய கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். இழை என்பது ஒரு நிரலுக்குள் மற்றவற்றோடு சேர்ந்து ஓடும் ஒரு வேலை. நினைவகத்தில் எழுதுவதை 'எழுத்து' என்றும் அதிலிருந்து படிப்பதைப் 'படிப்பு' என்றும் சொல்கிறேன். பாதியில் உடையாமல் முடிவது அட்டாமிக் செயல்; ஓர் இழை செய்தவை மற்ற இழைகளுக்கு எந்த ஒழுங்கில் தெரிய வேண்டும் என்பது நினைவக வரிசை. கம்பைலரின் அட்டாமிக் நூலகம்தான் நான் நாள்தோறும் புழங்கும் இடம் என்பதால், அதைத் தொடும் கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் அமையும்.

செம்பனை ஆலையின் எடைமேடைக்கு நிரல் எழுதும் தம்பி: ஐயா, லாரியின் எடையைப் பெறும் இழை முதலில் எடையை எழுதுகிறது, பிறகு 'தயார்' என்ற கொடியை 1 ஆக்குகிறது. சீட்டு அச்சிடும் இழை கொடி 1 ஆனதைக் கண்ட பிறகே எடையைப் படிக்கிறது. கொடி அட்டாமிக்தான், வரிசை ரிலாக்ஸ்ட். கிராணியின் மேசைக் கணினியில் ஒரு நாளும் தவறியதில்லை. ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினிக்கு மாற்றிய பிறகு, எப்போதாவது ஒரு சீட்டில் முந்தைய லாரியின் எடை வருகிறது.

பதில்: தம்பி, உங்கள் விவரிப்பிலேயே விடை இருக்கிறது. ரிலாக்ஸ்ட் என்பது அந்தக் கொடி பாதியில் உடையாமல் எழுதப்படும் என்று மட்டும் உறுதி தருகிறது. கொடிக்கு முன் எழுதிய எடை, கொடிக்கு முன்பே மற்ற இழைக்குத் தெரியும் என்று அது சொல்லவே இல்லை. அந்த வரிசை இரண்டு இடங்களில் குலையலாம். முதலாவது கம்பைலர்: இரண்டு எழுத்துகளுக்கும் தொடர்பில்லை என்று கருதி இடம் மாற்றிவிட அதற்கு உரிமை உண்டு. இரண்டாவது செயலி. மேசைக் கணினியின் எக்ஸ்86 செயலியில், ஒரு கோர் (செயலிக்குள் தனியாக இயங்கும் அலகு) செய்த எழுத்துகள் மற்ற கோர்களுக்கு அதே வரிசையில்தான் தெரியும். படிப்புகளும் தம் வரிசையை விடுவதில்லை. பை 4இல் இருக்கும் கோர்டெக்ஸ் ஏ72 ஆர்ம் வகையைச் சேர்ந்தது. அங்கே எழுத்துகளும் முன்பின் ஆகலாம், படிப்புகளும் முன்பின் ஆகலாம். ஆகவே பிழை பை 4இல் பிறக்கவில்லை. மேசைக் கணினியிலேயே இருந்தது, அந்தச் செயலியின் பழக்கம் அதை மூடி வைத்திருந்தது.

கொடியை எழுதும் இடத்தில் ரிலீஸ், படிக்கும் இடத்தில் அக்வயர் என்று மாற்றுங்கள். ரிலீஸ் என்றால் அதற்கு முன் உள்ளவை அதைத் தாண்டிப் பின்னால் போகா; அக்வயர் என்றால் அதற்குப் பின் உள்ளவை அதைத் தாண்டி முன்னால் வரா. ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது. இரண்டும் சேர்ந்தால்தான் உறவு உண்டாகும். இன்னொன்றையும் பாருங்கள்: கொடியை மறுபடி 0 ஆக்குவது யார்? அச்சிடும் இழை எடையைப் படித்து முடித்த பிறகு ரிலீஸ் வரிசையில் 0 எழுத வேண்டும். எடை பெறும் இழை அந்த 0ஐ அக்வயர் வரிசையில் கண்ட பிறகே அடுத்த லாரியின் எடையை எழுத வேண்டும். இல்லையென்றால் முந்தைய எடைக்குப் பதிலாக அடுத்த லாரியின் எடை சீட்டில் ஏறிவிடும்.

தைப்பிங்கிலிருந்து ஒரு மாணவர்: மாறியை வாலட்டைல் என்று அறிவித்தால் போதாதா?

பதில்: போதாது. சி, சி++ மொழிகளில் வாலட்டைல் என்பது வன்பொருள் பதிவேடுகளைத் தொடுவதற்காக ஏற்பட்டது. இழைகளுக்கு இடையில் எந்த வரிசையையும் அது தருவதில்லை. ஜாவாவில் அதே சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

கல்லூரி இறுதியாண்டு மாணவி: ஐயா, அக்வயரும் ரிலீஸும் இருக்கும்போது சீக்வென்ஷியல் கன்சிஸ்டன்சி எதற்கு?

பதில்: நல்ல கேள்வி, அம்மா. இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் கொடியை 1 ஆக்கிவிட்டு மற்றதன் கொடியைப் படிக்கிறது. இரண்டுமே 0 என்று படிக்க முடியுமா? அக்வயர், ரிலீஸ் மட்டும் இருந்தால் முடியும்; எக்ஸ்86இலும் முடியும். தோட்டத்தில் ஒரு தண்டல் தன் கைப்புத்தகத்தில் எழுதிக்கொண்ட கணக்கு, கிராணியின் செக்ரோல் பதிவேட்டில் ஏறும்வரை அடுத்த தண்டலுக்குத் தெரியாது. ஒவ்வொரு கோருக்கும் அப்படி ஒரு கைப்புத்தகம் உண்டு. எழுத்து அதில் காத்திருக்கும்போதே அடுத்த படிப்பு முந்திவிடும். இதைத் தடுக்கத்தான் சீக்வென்ஷியல் கன்சிஸ்டன்சி, அதாவது இந்தச் செயல்கள் எல்லா இழைகளுக்கும் ஒரே ஒழுங்கில் தெரியும் என்ற உறுதி. லெஸ்லி லாம்போர்ட் 1979இல் அதற்கு வரையறை தந்தார். எக்ஸ்86இல் அந்த எழுத்துக்கு எக்ஸ்சேஞ்ச் கட்டளையோ எம்ஃபென்ஸ் கட்டளையோ வருவது இதனால்தான். எது வேண்டும் என்று தெளிவாகத் தெரியாதவரை இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பைலர் மூலநிரலைப் படிக்கத் தொடங்கியிருக்கும் தங்கை: அண்ணா, ஜிசிசி கம்பைலர் 64 பிட் ஆர்ம் செயலிகளுக்கு (ஆர்ம் 64) வைத்திருக்கும் அட்டாமிக் துணைச் செயல்களில் 2022இல் 'சிங்க்' என்று ஐந்தாவது வகை ஒன்று சேர்ந்திருக்கிறது. நான்கு வகைகள் ஏன் போதவில்லை?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த மாதம் உட்கார்ந்து எழுதலாம், தங்கை.

ஜிசிசியில் இரண்டு தலைமுறைச் செயல்கள் உள்ளன. 'சிங்க்' என்று தொடங்கும் பழைய செயல்கள் 4.1 பதிப்பில் வந்தவை. அவற்றில் பெரும்பாலானவை முழுத் தடுப்பு என்று கையேடு வாக்குக் கொடுத்திருக்கிறது, அதாவது முன்னால் உள்ள எதுவும் பின்னால் போகாது, பின்னால் உள்ள எதுவும் முன்னால் வராது. 'அட்டாமிக்' என்று தொடங்கும் புதியவை 4.7இல் வந்தன, சி11, சி++11 வரையறைப்படி வரிசையை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

இப்போது ஆர்ம் 64ஐப் பாருங்கள். மதிப்பை மாற்றும் சுற்று இரண்டு கட்டளைகளால் ஆனது: எல்டிஏஎக்ஸ்ஆர் படிக்கிறது, எஸ்டிஎல்எக்ஸ்ஆர் எழுதுகிறது. முதலாவது அக்வயர்: அதற்குப் பின் உள்ளவை அதைத் தாண்டி மேலே போகா. ஆனால் அதற்கு முன் உள்ளவை கீழே இறங்கலாம். இரண்டாவது ரிலீஸ்: முன் உள்ளவை அதைத் தாண்டிக் கீழே போகா, பின் உள்ளவை மேலே ஏறலாம். ஆகவே மேலிருந்து ஒரு எழுத்து இறங்கி வந்து, கீழிருந்து ஒரு படிப்பு ஏறி வந்து, இந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் ஒன்றை ஒன்று கடந்துவிட முடியும். இரு பக்கமும் கதவு இருக்கிறது, ஆனால் இரண்டு கதவும் உள்நோக்கித் திறக்கின்றன. இது முழுத் தடுப்பு ஆகாது. லினக்ஸ் கெர்னல் இதே குறையை 2014இல் திருத்தியது: ஏ இல்லாத (அதாவது அக்வயர் அல்லாத) எல்டிஎக்ஸ்ஆர், பிறகு எஸ்டிஎல்எக்ஸ்ஆர், சுற்று முடிந்ததும் டிஎம்பி ஐஎஸ்எச் என்ற தடுப்பு. ஜிசிசியும் 2015இல் பழைய செயல்களுக்கு அதையே செய்தது.

பிறகு ஆர்ம் 8.1இல் ஒரே கட்டளையில் முடியும் அட்டாமிக் செயல்கள் வந்தன. ஒரே நிரல் பழைய செயலியிலும் புதிய செயலியிலும் ஓட வேண்டும் என்பதற்காக, 2020இல் வெளிவந்த ஜிசிசி 10 இந்தச் செயல்களை ஜிசிசியுடன் வரும் லிப்ஜிசிசி நூலகத்தில் உள்ள சிறு துணைச் செயல்களாக மாற்றியது. அவை ஓடும் நேரத்தில் செயலியைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கும். அவற்றுக்கு ரிலாக்ஸ்ட், அக்வயர், ரிலீஸ், இரண்டும் சேர்ந்தது என நான்கு வகைகள்தாம் இருந்தன. பழைய 'சிங்க்' செயல் இந்த நான்காவது வகைக்குள் போய் விழுந்தது. 2015இல் சேர்த்த டிஎம்பி காணாமல் போனது. ஒரு முறை அடைத்த ஓட்டை, வேறு கோப்பில் வேலை நடந்தபோது மறுபடி திறந்துகொண்டது. ஐந்தாவது வகை அந்தத் தடுப்பைத் திரும்பக் கொண்டுவந்தது.

கம்பைலரைப் புதுப்பித்தால் மட்டும் போதாது. எந்தத் துணைச் செயலை அழைப்பது என்பது உங்கள் நிரலுக்குள்ளேயே பதிந்துவிட்டதால், நிரலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

ஈப்போவிலிருந்து ஒரு மாணவர்: கொடிக்கு வாலட்டைல் போட்டிருக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. தைப்பிங் மாணவருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோலகங்சாரில் மென்பொருள் துறையில் உள்ள நண்பர்: மேலே சொன்ன திருத்தத்தை நான் ஏற்கவில்லை. டிஎம்பி விலை உயர்ந்த கட்டளை. பழைய செயலைப் பயன்படுத்தும் பெரும்பாலோருக்கு முழுத் தடுப்பு தேவையே இல்லை. சிலருக்காக எல்லோரையும் மெதுவாக்குவது நியாயமா?

பதில்: விலை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையேட்டை நம்பி எழுதியவர் தவறு செய்யவில்லை. குறைந்த விலை வேண்டியவருக்குப் புதிய செயல்கள் இருக்கின்றன. கொடுத்த வாக்கைச் சத்தமில்லாமல் குறைத்தால், நம்பியவருக்குப் போக்கிடம் இல்லை.

அதே நண்பர்: அப்படியானால் புதிய செயலின் சீக்வென்ஷியல் கன்சிஸ்டன்சிக்கும் டிஎம்பி போடுங்களேன். ஒன்றுக்கு மட்டும் ஏன்?

பதில்: அங்கே வாக்கு வேறு. சி++11 அந்த வரிசையைக் கொண்ட அட்டாமிக் செயல்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரே ஒழுங்கு உண்டு என்கிறது. பக்கத்தில் உள்ள ரிலாக்ஸ்ட் செயல்களையும் சாதாரண மாறிகளையும் அது இரு பக்கமும் கட்டிவைப்பதில்லை. அந்தக் கட்டு வேண்டியவர் தனியாக ஃபென்ஸ் என்ற தடுப்பை எழுதுவார். தராத வாக்குக்கு விலை வாங்கக் கூடாது. தந்த வாக்கை விலைக்காக விடவும் கூடாது.

அதே நண்பர்: மூன்று ஆண்டுகளாக எங்கள் சேவையகங்களில் எந்தக் கோளாறும் வரவில்லை.

பதில்: உங்கள் சேவையகங்கள் ஆர்ம் 8.1க்குப் பிந்தியவை என்றால் அவை ஒரே கட்டளை வழியில் போகின்றன; குறை இருந்தது பழைய சுற்று வழியில். பை 4இல் ஓட்டினால் அந்தச் சுற்றுதான் வரும். நீங்கள் பார்க்காத வழியைப் பற்றி உங்கள் மூன்று ஆண்டுகள் எதுவும் சொல்லவில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: மறுசுட்டு எண்ணிக்கைக்கு (ஒரு பொருளை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்ற கணக்குக்கு) எந்த வரிசை?

பதில்: கூட்டும்போது ரிலாக்ஸ்ட் போதும். குறைக்கும்போது ரிலீஸ், எண்ணிக்கை 0 ஆனால், பொருளை அழிக்கும் முன் அக்வயர் ஃபென்ஸ்.

இன்னொரு மாணவர்: கன்ஸ்யூம் வரிசை வேகமானது என்கிறார்களே?

பதில்: கம்பைலர்கள் அதை அக்வயராகத்தான் நடத்துகின்றன. சி++17 அதைத் தவிர்க்கச் சொன்னது. தொடாதீர்கள்.

பட்டவொர்த்திலிருந்து ஒருவர்: பைத்தான் படிக்க எந்த மடிக்கணினி வாங்கலாம்?

பதில்: இது என் துறை அன்று. ஊர்க் கணினி வகுப்பில் பாடம் எடுப்பவரைக் கேளுங்கள்.

மூன்று பேர், ஏறக்குறைய ஒரே சொற்களில்: எங்கள் நிரல் இன்டெல் கணினியில் பத்து லட்சம் முறை ஓடியும் தவறவில்லை, அப்படியானால் வரிசை சரி என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. முதல் பதிலில் சொன்னேன், கோலகங்சார் நண்பருக்கும் சொன்னேன். அனுமதிக்கப்பட்ட ஒரு பிறழ்வு வராமல் இருந்ததை எண்ணிக் காட்டி, அது வரவே வராது என்று நிறுவ முடியாது. ஹெர்ட்7 என்ற கருவியில் உங்கள் இரண்டு மூன்று வரிகளைச் சிறு சோதனையாக எழுதிக் கொடுத்தால், ஆர்ம் மாதிரியில் எந்தெந்த முடிவுகள் சாத்தியம் என்று ஒன்றுவிடாமல் பட்டியலிடும். பெரிய நிரலுக்கு திரெட்சானிடைசர் என்ற கருவி இருக்கிறது. பூட்டில்லாமல் பகிரப்படும் சாதாரண மாறிகளை அது காட்டிக்கொடுக்கும்.

எடைமேடைத் தம்பி, மறுபடி: ஐயா, நீங்கள் சொன்னபடி நான்கு இடத்திலும் மாற்றிவிட்டேன். மாற்றம் உண்மையில் இறங்கியதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: கம்பைல் செய்த கோப்பின் கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவியைக் கொண்டு அந்த இரண்டு செயல்களையும் பிரித்துப் பாருங்கள். 64 பிட் நிரலானால், கொடியை எழுதும் இடத்தில் எஸ்டிஎல்ஆர், படிக்கும் இடத்தில் எல்டிஏஆர் வர வேண்டும். வெறும் எஸ்டிஆர், எல்டிஆர் தெரிந்தால், பழைய கோப்பையே இணைத்துவிட்டீர்கள். முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். அப்போதும் மாறாவிட்டால் அந்த இருபது வரிகளை அப்படியே அனுப்புங்கள், நான் பார்க்கிறேன்.