ராணுவத் தளவாட ஆர்டரை நம்பிக் கடன் வாங்கலாமா?

கேள்வி: கணபதியில் நான்கு சி.என்.சி. (கணினி வழி இயங்கும்) மெஷின்களோடு பட்டறை நடத்துகிறேன். பம்ப் பாகங்கள்தான் என் தொழில். தமிழ்நாட்டுக்குப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் (ராணுவத் தளவாட உற்பத்தியை வளர்க்கும் ஊர்களின் தொகுப்பு) அறிவித்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. கடன் வாங்கி இதில் இறங்கலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இறங்கலாம். ஆனால் இதை மட்டுமே நம்பிக் கடன் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

2001-க்கு முன்பு தளவாட உற்பத்தி ஏறக்குறைய முழுவதும் அரசின் கையில் இருந்தது. ஆவடி போன்ற அரசுத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் கொடுப்பதோடு தனியாரின் பங்கு முடிந்துவிடும். அந்த ஆண்டு தனியாருக்குக் கதவு திறந்தது. 2018 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், திருச்சியுடன் உங்கள் ஊரும் இடம்பெற்றது. இருந்தாலும், உங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் ஆர்டர் தரப்போவது பாதுகாப்பு அமைச்சகம் அல்ல, அதனிடம் ஒப்பந்தம் பெற்ற பெரிய நிறுவனம்தான். அந்த நிறுவனத்துக்கு வேலை நின்றால் உங்களுக்கும் நிற்கும்.

கே-9 வஜ்ரா பீரங்கியையே பாருங்கள். தென்கொரியத் தொழில்நுட்பத்தோடு 100 பீரங்கிகள் செய்து தர எல் அண்டு டி நிறுவனம் 2017-ல் ஒப்பந்தம் பெற்று, குஜராத்தின் ஹசிராவில் தயாரித்து, 2021 பிப்ரவரியில் கடைசிப் பீரங்கியையும் ஒப்படைத்துவிட்டது. தரத்திலும் வேகத்திலும் தனியாரால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ரூ.7,628.70 கோடி மதிப்பிலான அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 டிசம்பரில்! ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். பெரிய நிறுவனம் வேறு தொழில்களை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். மாதத் தவணை கட்டும் பட்டறை அத்தனை நாள் தாங்குமா? ராணுவம் தன் தேவையைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ப ஆர்டர்களைத் தொடர்ச்சியாகத் தராத வரை, சிறு தொழிலை அழைப்பதில் நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

வேலையின் தன்மையும் மாறும். சாதாரண புஷ் (உள்ளே துளையுள்ள சிறு உருளைப் பாகம்) ஒன்றைக் கடைந்தாலும், அது எந்த உருக்குக் கம்பியிலிருந்து வந்தது என்பதை ஹீட் நம்பரோடு (உருக்காலையில் அது உருக்கப்பட்ட தொகுதியின் எண்) காட்ட வேண்டியிருக்கும். டிராயிங்கில் கேட்ட மைக்ரான் அளவு, சோதனைச் சான்றிதழ் எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். ஆகவே முதலில் ஒரு மெஷினையும் நம்பகமான ஒரு தர ஆய்வாளரையும் மட்டும் இதற்கு ஒதுக்குங்கள். பம்ப் வேலையை விடாதீர்கள்.

உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) இல்லையென்றால் உடனே செய்துகொள்ளுங்கள். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சிறு நிறுவனத்திடம் பொருளை ஏற்றுக்கொண்டவர் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் (வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டி விகிதம்) போல மூன்று மடங்கு கூட்டுவட்டி உண்டு. பொருளை ஏற்றுக்கொண்ட தேதியை ஒவ்வொரு முறையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.