மாத்திரைக்கு முன்னால் சளி: மருந்துக்கு அடங்காத காசநோய் குறித்துக் கேள்வி பதில்

காசநோய் ஆய்வகத்தில் சளி பார்த்தே என் வேலைக்காலம் முழுக்கப் போனது. மருந்துக்கு அடங்காத காசநோய் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அய்யா, அப்பாவுக்கு ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு எதிர்ப்பு என்று ரிசல்ட் வந்திருக்கிறது. அவர் இதுவரை ஒரு காசநோய் மாத்திரைகூடச் சாப்பிட்டதில்லை. எப்படி வந்தது? (அரியலூர்)

மருந்தை எதிர்ப்பது அப்பாவின் உடம்பு இல்லைம்மா, உள்ளே இருக்கும் கிருமி. வேறு யாரோ ஒருவர் உடம்பில் மருந்துக்குத் தப்பித்த கிருமி, இருமலோடு காற்றில் வந்து இவருக்குள் போயிருக்கிறது. இந்தியாவில் 2014–16ல் நடந்த தேசிய ஆய்வில், முக்கியமான இரண்டு காசநோய் மருந்துகளான ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் இரண்டுக்குமே அடங்காத கிருமி (இதைத்தான் எம்.டி.ஆர். என்பார்கள்) புதிய நோயாளிகளில் 2.84 சதவீதம் பேரிடம் இருந்தது. முன்பே மருந்து எடுத்தவர்களில் அது 11.62 சதவீதம். அதனால் 'அப்பா என்ன தப்பு செய்தார்' என்று யோசிக்க வேண்டாம். வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

காசநோய்க்கு ஒரே நல்ல மருந்து போதாதா? எதற்கு நாலு? (தஞ்சாவூர்)

நுரையீரலில் குழி விழுந்தவருக்கு, அந்த ஒரு குழிக்குள்ளேயே பத்துக் கோடிக் கிருமி இருக்கலாம். ஐசோனியாசிட்டுக்கு அடங்காதது சுமார் பத்து லட்சத்தில் ஒன்று, தானாகவே பிறக்கும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது பத்துக் கோடியில் ஒன்று. ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றதெல்லாம் சாகும், அந்தச் சில கிருமிகள் பிழைத்துப் பெருகும். இரண்டுக்கும் சேர்ந்தே தப்புவது நூறு லட்சம் கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி ஒரு உடம்பில் இருக்காது. பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1948ல் வெளிவந்தது. முதலில் நன்றாகத் தேறிய பலர் பிறகு சரிந்ததற்கு இதுதான் காரணம்.

இரண்டே மணி நேரத்தில் ரிசல்ட் கொடுத்து, ரிஃபாம்பிசின் வேலை செய்யும் என்றார்கள். அப்புறம் எதற்கு மறுபடி சளி கேட்கிறார்கள்? (சேலம்)

கொடுங்கள், தயவுசெய்து தட்டாதீர்கள். சிபிநாட், ட்ரூநாட் போன்ற, கிருமியின் மரபணுவைத் தேடும் இந்த வேகப் பரிசோதனைகளில் வழக்கமாக முதலில் தெரிவது காசநோய் இருக்கிறதா, ரிஃபாம்பிசின் கேட்குமா என்பது மட்டும்தான். ஐசோனியாசிட் கேட்குமா என்று பார்க்க எல்.பி.ஏ. என்ற இன்னொரு மரபணுப் பரிசோதனை வேண்டும். ஐசோனியாசிட் மட்டும் கேட்காதவர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு வழக்கமான மருந்தோடு விட்டால், ரிஃபாம்பிசினையும் கிருமி தோற்கடிக்க வழி திறந்துவிடும். அவர்களுக்கென்று லெவோஃப்ளாக்சசின் என்ற மருந்து சேர்த்த வேறு மருந்துக் கூட்டு இருக்கிறது. மற்ற மருந்துகளைப் பற்றிச் சொல்ல கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும், அதற்கு ஆறு வாரம்கூட ஆகும்.

சளியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்களிடம் வந்த டப்பாக்களில் பாதி எச்சில்தான். டப்பாவைச் சாய்த்ததும் தண்ணீர் மாதிரி ஓடினால் அது எச்சில். நல்ல சளி சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கும், கெட்டியாக, சில நேரம் மஞ்சளாக இருக்கும். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமித் துப்புங்கள். திறந்த வெளியில் நின்று செய்யுங்கள். முக்கியமாக, முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன்பே இதைக் கொடுத்துவிடுங்கள்.

மூன்று வாரமாக இருமல். மருந்துக்கடையில் லெவோஃப்ளாக்சசின் கொடுத்தார்கள், கொஞ்சம் குறைந்திருக்கிறது. போதுமா? (திருப்பூர்)

போதாது, இது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். அந்த மருந்து காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடிக்கும். இருமல் அடங்கும், சளியில் கிருமி தெரியாமல் போகலாம், நோய் உள்ளே இருக்கும். எம்.டி.ஆர். சிகிச்சையில் நமக்குக் கைகொடுக்கும் மருந்துக் குடும்பமும் அதுதான். நாளைக்கே சளிப் பரிசோதனைக்குப் போங்கள், அந்த மாத்திரை சாப்பிட்டதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அண்ணனுக்கு ஆறு மாத எம்.டி.ஆர். சிகிச்சை. இரண்டு மாதத்தில் எடை ஏறிவிட்டது, கால் மரத்துப்போகிறது என்று நிறுத்தப் பார்க்கிறார். (தூத்துக்குடி)

பிடாகுயிலின், பிரிட்டோமானிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த கூட்டுதானே? உலக சுகாதார நிறுவனம் 2022ல் பரிந்துரைத்தது, இந்தியாவில் 2024ல் அனுமதி கிடைத்தது. முன்பெல்லாம் ஒன்றரை வருடத்துக்கு மேல் மருந்து, பல மாதம் கனமைசின் ஊசி. அந்த ஊசியால் காது போனவர்கள் உண்டு. இன்று அது இல்லை.

கால் மரத்துப்போவது பெரும்பாலும் லினசோலிட்டின் வேலை. டாக்டர் அளவைக் குறைப்பார், தேவைப்பட்டால் நிறுத்தி வைப்பார். பார்வை மங்கினால் அன்றே சொல்ல வேண்டும். ஆனால் அண்ணன் தானாக எல்லாவற்றையும் நிறுத்தக் கூடாது. மற்ற மருந்துகள் சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், பிடாகுயிலின் மட்டும் மாதக்கணக்கில் தங்கும். அதாவது கிருமிக்கு முன்னால் ஒற்றை மருந்து. மேலே சொன்ன 1948 கதைதான் திரும்ப நடக்கும்.

குணமாகிவிட்டதா என்று அதே இரண்டு மணி நேரப் பரிசோதனையில் பார்க்கலாமா? (மதுரை)

வேண்டாம். செத்த கிருமியின் மரபணுவையும் அது காட்டும். சளியை நுண்ணோக்கியில் பார்ப்பதும் வளர்த்துப் பார்ப்பதும்தான் சரி.

மனைவிக்குக் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. சளியே வரவில்லை. எதை அனுப்புவது? (கடலூர்)

நெறியிலிருந்து ஊசியால் எடுத்ததையோ, வெட்டியெடுத்த சதையையோ அனுப்பலாம். அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவையுங்கள் சார்: ஒரு பகுதி ஃபார்மலினில் (சதையைப் பதப்படுத்தும் திரவம்), இன்னொரு பகுதி வெறும் சலைனில் (உப்பு நீர்). எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்த்து எந்த மருந்து கேட்கும் என்று சொல்ல எங்களால் முடியாது.